நொய்யல் கரையில் ஓர் அலைச்சட்டை: பனியன் வெட்டுத்துண்டும் பழைய வலையும் கொண்டு தைக்கும் முறை

கொள்ளிடம் கடலில் சேரும் முகத்துவாரத்தை அடுத்த பழையாறு என்னும் மீன்பிடி ஊரில் பிறந்து வளர்ந்த நான், திருமணமாகித் திருப்பூருக்கு வந்து, ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் பிரிவில் பல ஆண்டுகள் தையல் வேலை பார்த்தேன். மேட்டூர் நிரம்பி உபரிநீர் திறந்துவிடப்படும் ஆண்டுகளில், முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிகின்ற கொள்ளிடமே வெள்ளத்தின் பெரும்பகுதியைச் சுமந்து வந்து எங்கள் ஊர்க் கடலில் தள்ளும். அந்த நாட்களில் வலையில் மீனோடு ஒற்றைச் செருப்பும், பாலித்தீன் பையும், வண்ணவண்ணமான துணிக்கீற்றுகளும் சிக்கி வரும். அப்பா அவற்றைச் சலிப்போடு பிய்த்துக் கரையில் எறிய, நான் நிறம் பார்த்துப் பொறுக்கி மணலில் வரிசையாக அடுக்கி விளையாடுவேன். அந்தக் கீற்றுகள் எந்த ஊரிலிருந்து வந்தன என்று என்னால் நிறுவ முடியாது. ஆனால், வெள்ளியங்கிரி மலைத் தொடரில் பிறந்து கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே தாங்கிய ஊருக்கு அருகில் காவிரியில் சேர்கின்ற நொய்யலுக்குக் கடலைத் தவிர வேறு போக்கிடம் இல்லை என்பதை, இங்கு வந்த முதல் மழைக்காலத்தில் வளம் பாலத்தின் மேல் நின்று ஆற்றில் மிதந்துபோன துணித்துண்டுகளைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

கொங்கு நாட்டில் இருந்துகொண்டு கடற்கழிவைப் பற்றி ஓர் உடையைத் தைப்பது பொருந்தாத செயல் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் விடை அந்த ஆற்றின் பாதைதான். இங்கே விளக்கப்போவது ஒரே ஓர் உடையின் செய்முறை: சுடிதாருக்கோ சட்டைக்கோ மேலே அணியும், முன்பக்கம் திறந்த, கையில்லாத மேலங்கி. அதன் அடித்துணி பழைய வேட்டி, அலைகள் பனியன் வெட்டுத்துண்டுகள், முதுகின் மேற்பகுதி பழைய மீன்வலை, முன்பக்கப் பிணைப்பு வலைக்கயிறு. 36 அங்குல மார்பளவு உள்ளவருக்கான கணக்கைத் தருகிறேன். வீட்டில் இருக்கும் சாதாரணத் தையல் இயந்திரம் போதுமானது. துணியின் ஓரத்தை நூலால் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் இயந்திரம் தேவையில்லை என்பதோடு, இந்த வேலைக்கு அது கெடுதலும்கூட. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கடலை வரையாமல் கடலைத் தைப்பது

நான் முதலில் செய்த சட்டையில் மீன்களையும் சங்குகளையும் நங்கூரத்தையும் வெட்டி ஒட்டித் தைத்திருந்தேன். முடித்து மாட்டிப் பார்த்தபோது அது பள்ளி ஆண்டுவிழாவில் ஏதோ ஒரு குழந்தைக்கு மாட்டிவிடும் வேடம் போலிருந்தது. பிறகு, கடற்கரைச் சிறுவயதிலிருந்து உண்மையில் என் நினைவில் தங்கியிருப்பது என்ன என்று யோசித்தேன். மீனின் உருவம் அன்று. அலை தன்மேல் தானே சுருண்டு விழும் விதம், கம்பில் காயப்போட்ட வலை தன் எடையால் தொய்ந்து தொங்கும் விதம், ஆற்றுமுகத்தில் செந்நீரும் உப்புநீரும் கலக்காமல் கோடுகோடாக நிற்கும் விதம் ஆகியவையே தங்கியிருந்தன. ஒரு பொருள் எப்படித் தோன்றுகிறது என்பதை விட எப்படி நடந்துகொள்கிறது என்பதையே துணியில் கொண்டுவர முடியும். துணிக்கும் ஒரு நடத்தை உண்டு. சிங்கிள் ஜெர்சி என்னும் மெல்லிய பனியன் துணியை வெட்டியவுடன் அதன் ஓரம் சுருண்டுகொள்வதை இந்த ஊர் கட்டிங் மாஸ்டர்கள் தொல்லையாகவே கருதுவார்கள். எனக்கோ அது கரையில் விழும் அலையாகத் தெரிந்தது. இந்த மேலங்கியின் வடிவமைப்பு முழுவதும் அந்தச் சுருளில் அடங்கியிருக்கிறது.

பனியன் துண்டுகளைத் தேர்ந்தெடுத்தல்

திருப்பூரில் வெட்டுத்துண்டு கிடைக்காத தெரு இல்லை. ஒவ்வொரு கம்பெனியிலிருந்தும் அது வேஸ்ட் குடோன்களுக்குப் போய், அங்கே நிறம்வாரியாகவும் நூல்வாரியாகவும் பிரிக்கப்பட்டு எடைக்கு விற்கப்படுகிறது. அதில் கலப்பில்லாத பருத்தித் துண்டுக்கு ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது: அதை மீண்டும் பஞ்சாகக் கிழித்து ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்களில் நூலாக்குகிறார்கள், போர்வைக்கும், மிதியடிக்கும், கையுறைக்கும் அந்த நூல் போகிறது. ஆகவே நல்ல வெள்ளைப் பருத்தித் துண்டை நாம் அள்ளிக்கொண்டு வந்து மறுபயன்பாடு என்று பெருமை பேசுவதில் பொருளில்லை. லைக்ரா என்னும் இழுபடும் செயற்கை இழை கலந்த துண்டுதான் கிழிக்கும் இயந்திரத்துக்கு ஒவ்வாதது; மீள்நூல் தொழிலில் அதற்கு மதிப்புக் குறைவு. நான் வழக்கமாகப் போகும் குடோனில் இருப்பவர், "மில்லுக்காரங்க ஒருத்தருமே இத எடுக்கறதில்லீங்க அக்கா, வேணும்னா நீங்க அள்ளிட்டுப் போங்க" என்று மூலையில் கிடந்த மூட்டையைக் காட்டியபோது, எனக்குத் தேவையானதும் அதுவாகவே இருந்தது. லைக்ரா கலந்த பருத்தி ஜெர்சி, வெறும் பருத்தியை விட இறுக்கமாகச் சுருளும். சுருண்ட நிலையிலேயே துவைப்புக்குப் பிறகும் நிற்கும்.

முழுப் பாலியெஸ்டர் துண்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். கொங்கு நாட்டுச் சித்திரை வெயிலில் அதை அணிய முடியாது என்பது ஒரு காரணம். ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளை உதிர்த்து, நாம் எந்தக் கடலை நினைத்துத் தைக்கிறோமோ அந்தக் கடலுக்கே அனுப்பிவைக்கும் என்பது பெரிய காரணம். ஐயமிருந்தால் ஒரு சிறு கீற்றை வீட்டுக்கு வெளியே இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள்: பருத்தி காகிதம் எரியும் வாசத்தோடு எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகி, கரும்புகை விட்டு, ஆறியதும் கெட்டியான மணியாக உறையும்.

எவ்வளவு துணி வேண்டும் என்பதைக் கணக்கிட்டு விடலாம். அலைப்பகுதியில் 14 வரிசைகள், ஒவ்வொன்றும் 41 அங்குல நீளம்; ஆக 574 அங்குலம், அதாவது ஏறக்குறைய 15 மீட்டர் கீற்று வேண்டும். கீற்றின் அகலம் இரண்டரை அங்குலம் என்றால் பரப்பு ஒரு சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 180 ஜி.எஸ்.எம். துணியில், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணியில், அது ஏறக்குறைய 167 கிராம் எடைதான். ஆயினும் வெட்டுத்துண்டுகள் கைக்குழியின் வளைவும் கழுத்தின் வளைவுமாகக் கோணல்மாணலாக இருப்பதால், அரைக் கிலோவாவது வாங்கினால்தான் இந்த நீளம் தேறும்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். எதற்கும் புதிதாகச் சாயம் போட வேண்டாம். நொய்யலில் பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் அறிந்த ஊர் இது. வீட்டுக் கொல்லையில் ஒரு வாளிச் சாயத்தைக் கொட்டிவிட்டுக் கடலைப் பற்றிப் பேசுவது நமக்கு அழகன்று. குடோனில் கிடைக்கும் நிறங்களே போதும். ஆனால் கருநீலமும் சிவப்பும் சாயம் விடுகிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்: துண்டை நனைத்து, வெள்ளைத் துணிக்குள் மடித்து, மேலே கனமான பொருளை வைத்துக் கால்மணி நேரம் விட்டால் தெரிந்துவிடும். சாயம் விடும் துண்டை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சரியாகும் என்று பலர் சொல்வார்கள். நான் நம்பிச் செய்து ஒரு நல்ல வேட்டியைப் பாழாக்கியிருக்கிறேன்.

வலை: எங்கே, எப்போது, எப்படி

வலைக்காகக் கடற்கரைக்குப் போக நினைப்பவர்கள் போகவேண்டிய காலம், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலமாகிய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்கள். படகுகள் கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் வலைகளைப் பிரித்துப் பழுது பார்ப்பார்கள். தேறாத பகுதியை வெட்டி ஒதுக்குவார்கள். கேட்டால் கொடுப்பார்கள், கேட்காமல் எடுக்கக் கூடாது, ஏனெனில் உங்கள் கண்ணுக்குக் குப்பையாகத் தெரியும் வலை இன்னொருவருக்கு நாளைய ஒட்டுத்துண்டு.

ஆனால் அவ்வளவு தூரம் போகவேண்டிய தேவை இல்லை. பவானிசாகரிலும் மேட்டூரிலும் பரிசலில் சென்று செவுள்வலை இடும் மீனவர்களிடம் கிழிந்த வலை எப்போதும் இருக்கும். கரூரில் கொசுவலை நெய்யும் தொழில் இருப்பதால் அங்கே மெல்லிய பாலிஎதிலீன் வலைத்துணியின் ஓரத்துண்டுகள் கிடைக்கின்றன. அவை மென்மையாகவும் தைக்க எளிதாகவும் இருக்கும். தோட்டங்களில் கிழிந்து தொங்கும் பச்சை நிழல்வலையை மட்டும் தொடாதீர்கள். ஆண்டுக்கணக்கில் வெயில் தின்ற அந்த இழை, கையால் முறுக்கினாலே தூளாக உதிரும். உடையில் தைத்தால் நடக்கிற வழியெல்லாம் பிளாஸ்டிக் தூவிக்கொண்டு போவீர்கள். மீன்வலைக்கும் இதே முறுக்குச் சோதனையைச் செய்து, கையில் வெள்ளைத் தூள் ஒட்டினால் ஒதுக்கிவிட வேண்டும். தங்கூசி எனப்படும் மெல்லிய ஒற்றை நரம்பு வலையும் வேண்டாம். அது தோலை அறுக்கும். இழைகள் முறுக்கிய நூல்வலையே நமக்கு ஏற்றது.

வலை கைக்கு வந்தவுடன் செய்யவேண்டிய முதல் வேலை ஈயக்குண்டுகளைக் கழற்றுவது. வலையின் அடிக்கயிற்றில் கோத்திருக்கும் அந்தக் குண்டுகள் நச்சுத்தன்மை உள்ளவை என்பதால் கையுறை அணிந்து, குறடால் விரித்து எடுத்து, குழந்தைகளின் கைக்கு எட்டாத டப்பாவில் போட்டு, வலை கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். அவருக்கு அது பயன்படும்.

அடுத்தது கழுவுவது. இதில் நான் ஒருமுறை அவசரப்பட்டேன். இரண்டு முறை அலசிவிட்டுப் போதும் என்று நினைத்துத் தைத்த ஒரு பை, ஐப்பசி மழையில் நனைந்த நாளன்று பேருந்தில் ஏறியபோது, என் பக்கத்து இருக்கை ஈரோடு வரையில் காலியாகவே இருந்தது. அதோடு வலையில் தங்கியிருந்த உப்பு என் இயந்திரத்தின் ஊசித்தட்டையும் துரு ஏற்றிவிட்டது. எனவே வலையை நல்ல தண்ணீரில் இரண்டு நாள் முழுக்க ஊறவைத்து, காலையும் மாலையும் தண்ணீரை மாற்ற வேண்டும். சிப்பியும் சுண்ணாம்பு ஓடும் ஒட்டியிருந்தால் ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்து அதில் ஓரிரவு வைத்தால், குமிழிவிட்டுக் கரைந்து இளகும். பிறகு பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிடலாம். வினிகரோடு எக்காரணம் கொண்டும் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கக் கூடாது. அதிலிருந்து வரும் குளோரின் வாயு மூச்சைத் திணறடிக்கும். இறுதியாகச் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்து, காய்ந்த வலையைக் கறுப்புத் துணியில் தேய்த்துப் பாருங்கள். வெண்மையாகப் படிந்தால் உப்பு இன்னும் போகவில்லை.

கையிலிருப்பது நைலானா, பாலிஎதிலீனா என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு குவளைத் தண்ணீர் போதும். சிறு துண்டைச் சோப்பு தொட்ட விரலால் நீருக்குள் அழுத்திக் குமிழிகளை வெளியேற்றிவிட்டுக் கையை எடுத்தால், நைலான் மூழ்கும். பாலிஎதிலீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும். இந்த வேறுபாடு வெறும் அறிவுக்காக அன்று. நைலான் நூலில் போட்ட முடிச்சு நிற்கும், பாலிஎதிலீன் வழுக்கிக்கொண்டு அவிழும்; ஆகவே பிணைப்புக் கயிற்றுக்கு நைலானே வேண்டும். வெப்பத்தைத் தாங்குவதிலும் வேறுபாடு பெரிது: நைலான் 220 டிகிரி செல்சியஸ் அளவில்தான் உருகும், பாலிஎதிலீனோ 130 டிகிரியிலேயே உருகிவிடுவதால், பருத்திக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரிப் பெட்டி பட்டவுடன் சுருங்கிப் பெட்டியில் ஒட்டிக்கொள்ளும். இரண்டில் எதுவாக இருந்தாலும் வலையின் மேல் இஸ்திரி போடுவதில்லை என்று பழகிக்கொள்வது நல்லது.

அடித்துணியை வெட்டுதல்

பழைய நாலு முழ வேட்டி ஒன்று போதும். அதன் அகலம் 50 அங்குலத்தை ஒட்டி இருப்பதால், மேலங்கியின் முன்பக்கங்களையும் முதுகையும் தனித்தனியே வெட்டி இணைக்காமல், பக்கத் தையலே இல்லாத ஒரே துண்டாக வெட்டலாம். அலை வரிசைகள் இடமிருந்து வலமாக அறுபடாமல் ஓட அதுவே வசதி. முதலில் வேட்டியின் இரு கரைகளையும் நீளவாக்கில் ஒன்றரை அங்குல அகலத்துக்கு வெட்டிப் பத்திரப்படுத்துங்கள். பிறகு 41 அங்குல அகலமும் 24 அங்குல உயரமும் கொண்ட செவ்வகங்கள் இரண்டை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரம் சுற்றி நூலோட்டுங்கள். துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டி ஒற்றையாகத் தாங்காது.

செவ்வகத்தின் மேல் விளிம்பில் இடப்பக்கத்திலிருந்து பத்தரை அங்குலத்தில் ஒரு குறியும், முப்பதரை அங்குலத்தில் மற்றொரு குறியும் இடுங்கள். இரு குறிகளுக்கும் நடுவே உள்ள 20 அங்குலம் முதுகு. இரு புறமும் மிஞ்சும் பத்தரை அங்குலங்கள் முன்பக்கங்கள். ஒவ்வொரு குறியையும் மையமாகக் கொண்டு 5 அங்குல அகலமும் 10 அங்குல ஆழமும் உள்ள கைக்குழியை அடியில் வளைவாக வெட்டுங்கள். இப்போது முதுகின் மேல் விளிம்பில் 15 அங்குலம் இருக்கும். நடுவில் கழுத்துக்கு 7 போக, தோளுக்கு நான்கு நான்கு அங்குலம். முன்பக்கங்களில் எட்டு எட்டு அங்குலம் மிஞ்சும்; அதில் கழுத்துப் பக்கம் 4, தோளுக்கு 4. கழுத்தின் ஆழம் முதுகில் ஓர் அங்குலம், முன்னால் 7 அங்குலம். தோள்கோட்டைக் கழுத்திலிருந்து கைக்குழியை நோக்கி ஓர் அங்குலம் சரித்து வெட்ட வேண்டும். தோள்களை இப்போது இணைக்காதீர்கள். துணி தட்டையாகக் கிடந்தால்தான் அலைகளைத் தைக்க முடியும்.

அலைகளைத் தைத்தல்

வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஜெர்சித் துணியின் நல்ல பக்கத்தை உற்றுப் பார்த்தால், சிறு சிறு சடைப்பின்னல் போன்ற வரிகள் நீளவாக்கில் ஓடுவது தெரியும்; மறுபக்கத்தில் அந்த வரிகள் இல்லாமல் அரைவட்டங்களே தெரியும். இந்தச் சடைவரிகளுக்கு இணையாக வெட்டிய ஓரம் உட்பக்கமாக, அதாவது மறுபக்கத்தை நோக்கிச் சுருளும்; சடைவரிகளுக்குக் குறுக்காக வெட்டிய ஓரமோ நல்ல பக்கத்தை நோக்கி, பார்ப்பவரின் பக்கமாகச் சுருளும். நமக்கு வேண்டியது இரண்டாவது. எனவே கீற்றின் நீளம் எப்போதும் சடைவரிகளுக்குக் குறுக்காகவே அமைய வேண்டும். வெட்டியபின் கீற்றை இரு முனைகளிலும் பிடித்து மெல்ல இழுத்தால், சரியாக வெட்டப்பட்ட ஓரம் உடனே உங்களை நோக்கி மடிந்து வரும். வராவிட்டால் அந்தக் கீற்றைக் கழுத்துப் பட்டிக்கு ஒதுக்குங்கள். ஓரம் நூல் பிரியுமோ என்று அஞ்சி ஓவர்லாக் போட்டீர்களானால் இந்தச் சுருள் செத்துவிடும். ஜெர்சி அப்படிப் பிரிவதும் இல்லை.

கீற்றுகள் 6 அங்குலத்துக்குக் குறையாமல் எந்த நீளத்திலும் இருக்கலாம். ஒன்றின் முனைமேல் மற்றொன்றின் முனையை அரை அங்குலம் ஏற்றிவைத்துத் தைத்துக்கொண்டே போனால் போதும். எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் கூரைத் தகடு போலத் தோன்றும். அலை எங்கே உடையும் என்று கடல் முன்கூட்டிச் சொல்வதில்லை.

நிறவரிசையில் பலர் செய்யும் பிழை, ஆழம் என்றால் கீழே என்று எண்ணிக் கருநீலத்தை அடியில் வைப்பது. கரையில் நிற்பவரின் கண்ணுக்கு மணல் காலடியிலும், தொடுவானத்தின் கருநீலம் கண்மட்டத்திலும்தான் இருக்கின்றன. ஆகவே கீழ் வரிசைகளில் மணலின் நிறமும் வெள்ளநீரின் செம்பழுப்பும், அதன்மேல் சாம்பல் பச்சையும், பிறகு பச்சைநீலமும், மார்பை ஒட்டிக் கருநீலமுமாக ஏற்றிக்கொண்டு போங்கள். நுரைக்காக வெள்ளைக் கீற்றுகளை ஒழுங்கில்லாமல் இடையிடையே செருகலாம். ஒரு வரிசையில் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம்.

அடித்துணியின் கீழ் விளிம்பிலிருந்து 1, 2, 3 என 14 அங்குலம் வரையில் ஓரங்குல இடைவெளியில் சாக்பீஸ் கோடுகள் இடுங்கள். பதினான்காவது கோடு கைக்குழியின் அடியைத் தொடும். கீழ் விளிம்பை முதலில் வேட்டிக் கரையால் பட்டியடித்து முடித்துவிடுங்கள். பிறகு ஓடு வேய்வதைப் போல அடியிலிருந்து மேலே செல்ல வேண்டும். முதல் கீற்றின் நல்ல பக்கம் மேலே தெரியுமாறு வைத்து, அதன் மேல் ஓரத்திலிருந்து அரை அங்குலம் விட்டு, முதல் கோட்டின் மேல் தையுங்கள். கீற்றின் கீழ்ப்பாகம் இரண்டு அங்குலம் தளர்வாகத் தொங்கும்; அது விளிம்புக்குக் கீழே ஓர் அங்குலம் நீண்டாலும், சுருண்டபின் ஏறிக்கொள்ளும். அடுத்த கீற்று இந்தத் தையலை மூடிக்கொண்டு விழும். இப்படியே பதினான்காவது வரிசை வரை சென்றால், அதன் மேல் ஓரம் மட்டும் மூடப்படாமல் நிற்கும். அதன்மேல் வேட்டிக் கரையின் மற்றொரு நீளத்தை மடித்து வைத்துத் தைத்துவிட்டால், அதுவே தொடுவானக் கோடு. ஜரிகைக் கரை உள்ள வேட்டியாக இருந்தால் இந்த இடம் விடியற்காலை போலவே இருக்கும்.

தைக்கும்போது கீற்றை இழுக்கக் கூடாது. இழுத்துத் தைத்தால் அடித்துணி சுருக்கம் விழுந்து, அணிந்தவர் முதுகில் மூட்டை கட்டியது போலிருக்கும். துணியை இயந்திரத்தின் பல் தானாக நகர்த்தட்டும், கை வழிகாட்டினால் போதும். பனியனுக்கு உரிய உருண்டைமுனை ஊசியில் 14ஆம் எண்ணும், ஸ்பன் பாலியெஸ்டர் நூலும், 3 மில்லிமீட்டர் தையல் நீளமும் சரியாக வரும். 14 வரிசைகளும் முடிந்த பிறகு முழுத்துணியையும் நீர் தெளித்து நனைத்து, ஒவ்வொரு வரிசையின் தொங்கும் ஓரத்தையும் விரல்களால் மெல்ல நீவி இழுத்துவிட்டு, நிழலில் தட்டையாகக் காயவையுங்கள். காய்ந்து எழும்போது அலைகள் எழுந்திருக்கும்.

முதுகில் வலையைத் தொய்யவிடுதல்

தொடுவானக் கோட்டுக்கு மேலே முதுகில் மிஞ்சியிருக்கும் வெற்றிடமே வலைக்கு உரியது. அந்தப் பரப்பை விட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக வலையை வெட்டி, கண்கள் பெரிதாக இருந்தால் குறுக்காக இரட்டை மடிப்பாக வைத்து, தோள்பக்கம் இறுக்கமாகவும் நடுவில் சற்றுத் தொய்வாகவும் விட்டு ஊசிகுத்தி நிறுத்துங்கள். தைக்கும்போது வலைக்கு அடியிலும் மேலும் பழைய செய்தித்தாள் துண்டு வைத்துத் தைத்தால் இயந்திரத்தின் பல்லும் பாதமும் வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளா. தைத்தபின் தாளைக் கிழித்தெடுத்துவிடலாம். பின்னர் இரண்டு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு வீதம் வலையைக் கைத்தையலால் அடித்துணியோடு பிணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் பேருந்து இருக்கையின் கம்பி அதைப் பிடித்துக்கொள்ளும். வலையின் வெட்டிய முனை எதுவும் கழுத்திலோ கைக்குழியிலோ தோலைத் தொடக் கூடாது. விளிம்புக்கு அரை அங்குலம் உள்ளேயே வலையை நிறுத்துங்கள்.

இப்போது தோள்களை இணைத்து, கழுத்துக்கும் கைக்குழிக்கும் ஒதுக்கிவைத்த பனியன் கீற்றுகளால் பட்டியடிக்கலாம். வளைவான இடங்களில் கீற்றைச் சிறிதளவு இழுத்துத் தைத்தால் பட்டி படிந்து நிற்கும்; கீற்றை இழுக்கலாம் என்று நான் சொல்லும் ஒரே இடம் இதுதான். முன் ஓரங்களுக்கு வேட்டிக் கரை. பை வேண்டுமென்றால் உட்புறத்தில் மீந்த வேட்டித் துணியில் வைத்துக்கொள்ளுங்கள். அலைகளின் மேல் வைத்தால் கெடும்.

பிணைப்புக்கு நைலான் வலைநூலை மூன்று இழையாகச் சடைபோட்டு, 3 அங்குல நீளத்தில் மூன்று வளையங்கள் செய்து ஒரு பக்கத்தில் தையுங்கள். எதிர்ப்பக்கத்துக்கு அதே சடையால் உருட்டிய முடிச்சுப் பொத்தான் அழகாக இருக்கும். கை வராதவர்கள் கொட்டாங்குச்சிப் பொத்தான் வைக்கலாம், பொள்ளாச்சிப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. நூல்முனையை மெழுகுவத்திச் சுடரின் ஓரத்தில் ஒரு நொடி காட்டினால் உருகி அடைபடும். உருகிய துளி கையில் விழுந்தால் தோலோடு ஒட்டும் என்பதால், தொட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

துவைத்தலும் விற்றலும்

முதல் மேலங்கிக்கு எனக்கு நான்கு நாட்கள் பிடித்தன. இப்போது ஒன்றரை நாளில் முடிகிறது. இதைத் தண்ணீரில் கையால் அலசி, பிழியாமல், நிழலில் விரித்துக் காயவைப்பதே முறை. துவைத்த தண்ணீரை அப்படியே சாக்கடையில் விடாமல், பழைய வேட்டித் துணியை வாளிமேல் கட்டி அதன் வழியே வடித்தால் உதிர்ந்த இழைகள் துணியில் தங்கும். காய்ந்தபின் அவற்றைத் திரட்டிக் குப்பையில் போடுங்கள். லைக்ராவும் தையல்நூலும் பிளாஸ்டிக்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

விற்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு, உடையில் தைக்கும் விவரச் சீட்டை எழுதுவதில் கவனம் வேண்டும். கடல்பிளாஸ்டிக்கால் ஆனது என்று எழுதினால் எளிதில் விலைபோகிறது என்பதற்காகப் பலரும் அந்தச் சொல்லைத் தாராளமாக ஒட்டுகிறார்கள். இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் 2011 முதல் எகோனில் என்னும் பெயரில் செய்வது, கழித்த நைலான் வலையையும் பிற நைலான் கழிவையும் வேதிமுறையில் மூலப்பொருளாகச் சிதைத்துப் புதிய நூலாக்கும் பெருந்தொழில். நாம் செய்வதோ வெட்டி ஒட்டித் தைக்கும் கைவேலை. மேட்டூர் மீனவர் கொடுத்த வலை கடலைப் பார்த்ததே இல்லை. பழையாற்றுத் துறையில் வாங்கிய வலைகூடக் கடலடியிலிருந்து மீட்டதன்று, கடலுக்குத் திரும்பிப் போகாமல் தடுத்தது மட்டுமே. கைவிடப்பட்ட வலை கடலுக்குள் கிடந்து ஆமையையும் மீனையும் தொடர்ந்து கொன்றுகொண்டிருக்கும் என்பதால் தடுப்பதும் சிறிய செயலன்று. அதை அப்படியே சொன்னால் போதும். நான் என் மேலங்கிகளில் தைக்கும் சீட்டில் நான்கு வரிகளே இருக்கும்: அடித்துணி – பயன்படுத்திய வேட்டி; அலை – திருப்பூர் லைக்ரா வெட்டுத்துண்டு; வலை – வாங்கிய ஊரின் பெயரும் மாதமும்; நூல் – புதியது. நான்காவது வரியை எடுத்துவிட்டால் முழுவதும் கழிவு என்று சொல்லிக்கொள்ளலாமே என்று ஒரு வாடிக்கையாளர் யோசனை சொன்னார். அந்த வரி இன்னும் சீட்டில் இருக்கிறது.